பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போன ஆய்வேடு

போன வாரம் பூ மார்க்கெட்டில் நிற்கும்போது சுகந்தியிடமிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு பல்கலைக்கழக நூலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்.

"மேடம், நம்ம இரவல் பிரிவு போர்ட எடுத்துட்டாவ. இனிமே எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே கேட்டு, கம்ப்யூட்டர்லயே வாங்கிக்கிடலாமாம். புதுசா சேர்ந்த பிள்ளையெல்லாம், வெளியூர்ல இருந்து ஒரு புத்தகம் வாங்குறதுக்கு முன்னாடி அப்படி என்ன வேலை இருந்துச்சுன்னு கேக்காவ. என்ன சொல்லன்னு எனக்குத் தெரியல."

"என்ன வேலை இருந்துச்சா? ஏட்டி, போன வை. நான் எழுதியே அனுப்புதேன்" என்று கத்திவிட்டேன். மல்லிகை நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

போர்டு போனதற்காக நான் மூக்கைச் சிந்தப் போவதில்லை. டெல்லியில் இருக்கும் ஒரு கட்டுரை சங்கரன்கோவிலில் காபி ஆறுவதற்குள் கைக்கு வருகிறதென்றால் அதைவிட என்ன வேண்டும்? என் காலத்தில் இந்த வசதி இருந்திருந்தால் எத்தனையோ பேர் ஒரு வருஷம் முன்னதாகவே பட்டம் வாங்கியிருப்பார்கள். ஆனால் "என்ன வேலை இருந்துச்சு" என்று கேட்டார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் பெயர் கோமதி. சங்கரன்கோவில் தேரடியில் நின்று அம்மனின் இந்தப் பெயரைக் கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மதுரையில் நூலக அறிவியல் படித்தேன், பாஸ் செய்தேன், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. தினமும் காலையில் பஸ் ஏறித் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போவேன், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவேன். முதலில் வாசகர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் போட்டார்கள். எனக்கு வாய் அதிகம், வருகிறவர்களைப் படிக்கவிடாமல் பேசுகிறேன் என்று புகார் போனது. புகார் உண்மைதான். அதனால் ஆள் நடமாட்டமே இல்லாத மூலை அறைக்கு மாற்றினார்கள். அதுதான் இரவல் பிரிவு. தண்டனை என்று நினைத்துத் தள்ளினார்கள், எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி ஆகிவிட்டது!

வேலை இதுதான். நம் நூலகத்தில் இல்லாத ஒன்று ஓர் ஆராய்ச்சி மாணவருக்குத் தேவைப்படும். அது எந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது என்று முதலில் துப்புத் துலக்க வேண்டும். பிறகு அந்த நூலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் தபாலில் அனுப்புவார்கள், மாணவர் நம் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பார், தவணைக்குள் பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் மாணவரை நம்பிக் கொடுப்பதில்லை. நம் நூலகத்தை நம்பிக் கொடுக்கிறார்கள். ஒரு தடவை அட்டை கிழிந்து போனால் அப்புறம் அந்த வாசல் பல வருஷத்துக்குத் திறக்காது.

இந்த நம்பிக்கைக்குக் காவல் இருந்தவர் எங்கள் தலைமை நூலகர் ஞானதுரை சார். ஒல்லியான ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, குரல் எப்போதும் தாழ்வாகத்தான் வரும். கோபம் வந்தால் இன்னும் தாழும். உதடு அசைவதை வைத்துத்தான் நாம் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம் என்று புரியும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெளியூர்ப் பார்சல் வந்தால் கையைக் கழுவிவிட்டு வருவார். நின்றுகொண்டுதான் பிரிப்பார். சணலை வெட்ட விடமாட்டார், முடிச்சை நகத்தால் அவிழ்ப்பார். உள்ளே இருக்கும் நிபந்தனைச் சீட்டை எடுத்து, சர்ச்சில் வசனம் வாசிக்கிற மாதிரி, முழுவதையும் எங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் புத்தகத்தைத் தொடுவார். அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. "வழி இருக்கான்னு பாருங்க, கோமதி" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்னை எத்தனை ஓட்டம் ஓடவிட்டிருக்கிறார்!

வழி பார்ப்பதில்தான் எனக்கு வெறி. விலங்கியல் பேராசிரியர் ஒருவர் மரவட்டை பற்றிய ஒரு பழைய கட்டுரைக்காக ஏங்கிக் கிடந்தார். ஊர் ஊராக எழுதி, கடைசியில் ஒரு மலையூர் நூலகத்தில் அகப்பட்டது. பார்சல் வந்துவிட்டதென்று சொன்னதும் அவர் சோதனைச்சாலையிலிருந்து செருப்புக்கூட மாட்டாமல் ஓடி வந்தார். மரவட்டைக்கே இப்படி ஓடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பித்துப் பிடித்துவிட்டது. சம்பளத்தைக்கூட மறந்துவிடுவேன், எந்தக் கோரிக்கைக்குப் பதில் வரவில்லை என்பதை மறக்கமாட்டேன்.

சரி, சுகந்தியிடம் அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரே ஒரு ஆய்வேட்டின் கதையைச் சொன்னால் போதும்.

செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். கடையநல்லூரிலிருந்து ரஹ்மத் நிஷா என்று ஒரு பெண், வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கணவர் சவுதியில். அவளுடைய தலைப்பு, கடையநல்லூர் நெசவாளர்கள் பிழைப்புக்காகச் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போன கதை. மூன்று வருஷமாக ஊரிலுள்ள பெரியவர்களையெல்லாம் பார்த்துப் பேசி, குறிப்புகள் எடுத்து வைத்திருந்தாள். ஒருநாள் ஏழு மாத வயிற்றோடு மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், என் வேலை போச்சு" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவளுடைய ஆராய்ச்சியைச் சரிபார்க்கும் கமிட்டியில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். போன கூட்டத்தில் அவர், இதே தலைப்பில் ரொம்ப வருஷத்துக்கு முன்பே வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மாணிக்கம் என்பவர் ஆய்வு செய்து பட்டம் வாங்கிவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆய்வேட்டைப் படித்துவிட்டு, உன்னுடையது எதில் வேறுபடுகிறது என்று அடுத்த கூட்டத்துக்குள் எழுதிக் கொடு, இல்லையென்றால் பதிவு ரத்து என்று முடிவாகிவிட்டது.

"ஒரே விஷயத்த ரெண்டு பேரு எழுதுனா ரெண்டாவது ஆளுக்குப் பட்டம் கிடையாது மேடம். அவரு என்ன எழுதியிருக்காருன்னே தெரியாம நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்லு."

"நான் எங்க மேடம் வடக்க போக? இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு?"

"நீ எதுக்குப் போகணும்? அத இங்கன வர வைக்கேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, நடக்குமா என்று எனக்கே தெரியாது. ஏனென்றால் ஆய்வேடுகளை எந்த நூலகமும் சாதாரணமாக இரவல் கொடுக்காது. அச்சான புத்தகம் தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம், ஆய்வேடு இருப்பதே ஒரு பிரதிதான்.

உடனே எழுதினேன். பதில் வந்தது. மாணிக்கம் என்ற பெயரில் எங்களிடம் ஆய்வேடு எதுவும் இல்லை என்று ஒற்றை வரி. ரஹ்மத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கமிட்டிக்குச் சொல்லிவிடலாம் என்றாள். நான் விடவில்லை. நம் ஊர்ப் பெயர்களுக்கு வடக்கே என்ன கதி நேரும் என்று எனக்குத் தெரியும். நாம் அப்பா பெயரை ஒற்றை எழுத்தாக்கி முன்னால் போட்டுக்கொள்கிறோம். அங்கே விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நம் பையன் விழித்துவிட்டு அப்பா பெயரை அதில் எழுதுவான். அப்புறம் எல்லாப் பட்டியலிலும் அப்பாதான் முன்னால் நிற்பார். மாணிக்கத்தின் முழுப்பெயர் கமிட்டிப் பேராசிரியரிடம் இருந்தது. அப்பா பெயர் திருவேங்கடம். திருவேங்கடம் என்ற பெயரில் தேடிப் பாருங்கள் என்று மறுபடி எழுதினேன். இருக்கிறது என்று பதில் வந்துவிட்டது! அந்த ஊர்ப் பட்டியலில் மாணிக்கத்தின் அப்பாதான் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதே கடிதத்தின் அடியில், ஆய்வேடுகள் வெளியே அனுப்பப்படமாட்டா என்றும் இருந்தது. சிரிப்பு நின்றது. கொண்டுபோய் ஞானதுரை சார் மேசையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாம அவங்களுக்கு இதுவரைக்கும் என்னென்ன அனுப்பியிருக்கோம்?"

"கேட்டதெல்லாம் அனுப்பியிருக்கோம் சார். ஒன்னும் திரும்பி வராம இருந்ததில்ல."

"அவங்க கிட்ட வாங்குனது?"

"எல்லாம் தவணைக்கு முந்தியே போயிருக்கு."

"அப்ப நான் எழுதுதேன்" என்றார்.

அவரே கைப்பட எழுதினார். ஒரு பக்கம்தான். பெண்ணின் நிலைமையைச் சொல்லி, எங்கள் நூலகத்தின் வாக்கைப் பிணை வைத்து ஒரு கோரிக்கை. அனுப்பிய நாளிலிருந்து நான் தபால்காரரை வாசலிலேயே மறிக்க ஆரம்பித்தேன். அந்த மனுஷர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிடுவார், இல்லை என்று.

ஒருநாள் தலையை ஆட்டவில்லை. சிரித்தார். பதிவுப் பார்சல்! நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஞானதுரை சார் கையைக் கழுவினார், நின்றார், முடிச்சை அவிழ்த்தார். எனக்கா இருப்புக் கொள்ளவில்லை. நிபந்தனைச் சீட்டை வாசித்தார். நகல் எடுக்கக் கூடாது. இரவல் வாங்கிய நூலகத்தின் கட்டடத்துக்குள் மட்டுமே படிக்க வேண்டும். தவணை இரண்டு வாரம். அதுவும் அவர்கள் அனுப்பிய தேதியிலிருந்து கணக்கு, பாதி நாளை ரயிலே தின்றிருந்தது.

கடையநல்லூரில் ரஹ்மத் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்குப் போன் செய்து, அவளைக் கூப்பிடச் சொன்னேன். போனில் வந்தது அவளில்லை, மருந்துக்கடைக்காரர்.

"அந்தப் புள்ளைக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கும்மா. போன வாரந்தான். நாப்பது முடியாம வெளிய வராதே."

கடையநல்லூரில் மட்டுமல்ல, எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். பிள்ளை பெற்றவள் நாற்பது கழியாமல் வாசல் தாண்டமாட்டாள். ஆய்வேடோ நூலக வாசல் தாண்டக் கூடாது. கமிட்டி கூடுவது நாற்பது கழிவதற்கு முன்னால். தவணை முடிவது அதற்கும் முன்னால். இத்தனை பாடுபட்டு, ஆயிரம் மைல் தாண்டி வந்த ஒன்று, கடைசி ஒரு பஸ் தூரத்தில் நின்றுவிட்டது. ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வழி இருக்கான்னு பாருங்க" என்று சொல்வார் என்று எதிர்பார்த்து சார் அறைக்குப் போனேன். அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை. நாற்பது நாள் என்றால் என்ன, ஏன் என்று என்னிடம் விவரம் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பெண்களிடம் சொல்வதுபோல் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிட்டேன். அவர் காது சிவந்துவிட்டது. பிறகு டெலிபோனை இழுத்து, வடக்கே அந்த நூலகத்துக்கு எஸ்.டி.டி. கால் போட்டார்.

அந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்! எந்த நாளும் குரல் உயராத மனுஷர், லைன் சரியில்லாததால், பிரசவம், பிள்ளைத்தாய்ச்சி, தீட்டு, நாற்பது நாள் என்று ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் உரக்கக் கத்தவேண்டியதாகிவிட்டது. வராந்தாவில் போனவர்களெல்லாம் நின்றார்கள். எதிர்முனையில் இருந்தவரும் ஒரு தலைமை நூலகர்தான், முன்பின் பார்த்திராதவர். பிறகு சார் முகம் மலர்ந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவர் மகளுக்கும் இப்பதான் குழந்தை பொறந்திருக்காம். அங்கயும் நாற்பது நாள்தானாம்."

"சரி சார், என்ன சொன்னாரு?"

"ஆய்வேடு நம்ம பணியாளர் கண்ண விட்டு மறையக் கூடாது. அப்படின்னா அந்தப் பொண்ணு வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னு சொல்லிட்டாரு. அனுமதிக் கடிதம் தபால்ல வருது. நாளைல இருந்து உங்களுக்கு கடையநல்லூர்ல டூட்டி." சொல்லிவிட்டு என்னை ஒரு பேட்டி எடுத்தார். ராத்திரி ஆய்வேட்டை வைக்க என் வீட்டில் பீரோ இருக்கிறதா? சாவி யாரிடம்? கரையான் உண்டா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரக் கூடாது, மழைச்சாரல் அடிக்கும். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை.

அப்போது எங்கள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா. கடையநல்லூர் போகும் புளியங்குடி பஸ்ஸெல்லாம் ஊருக்குள் வராமல் வெளியே நின்றன. வந்த கூட்டம் எல்லாம் ரதவீதியில் இருந்தது. ஊருக்கெல்லாம் அம்மன் தபசு, எனக்கு ஆய்வேடு. பிளாஸ்டிக் தாளில் சுற்றி, துணிப்பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தை இடித்துப் பிளந்து போனேன். யாரோ ஒருத்தி, "பிள்ளையப் பாத்துத் தூக்கிட்டுப் போங்கக்கா, மூச்சு முட்டிரும்" என்றாள்.

ரஹ்மத் வீட்டில் என்னை வரவேற்றவர் அவளுடைய மாமியார், செய்யது பாத்து. ரஹ்மத் தாயில்லாப் பெண், பிரசவம் பார்த்ததெல்லாம் இந்த மாமியார்தான். வெள்ளைத் துப்பட்டி, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார், வந்த காரியத்தைக் கேட்டார். சொன்னேன்.

"படிக்கவா? பெத்த ஒடம்புக்காரியவா படிக்கச் சொல்லுதிய? பச்ச ஒடம்புல கண்ணக் குத்தி எழுத்தப் பாத்தா, நாப்பது வயசுல பார்வை போயிரும். நீங்களும் பொம்பளதான, டீச்சரம்மா? உங்களுக்குத் தெரியாதா?"

நான் டீச்சர் இல்லை என்றேன். காதில் வாங்கவில்லை. உள்ளே ரஹ்மத் கட்டிலில் படுத்திருந்தாள். பூண்டு வாசனையும் சாம்பிராணிப் புகையுமாக இருந்தது அறை. என் கையிலிருந்த ஆய்வேட்டைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். மாமியார் அந்தக் கையைப் பிடித்து மடக்கிப் போர்வைக்குள் வைத்தார்.

"மாமி, இதுக்குத்தான் மூணு வருசம் அலைஞ்சேன்."

"இருக்கட்டும். கண்ணு போனா எவன் தருவான்? எம் மவன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

எனக்குச் சுறுசுறுவென்று ஏறிவிட்டது. வடக்கே இருக்கிறவர் மனம் இறங்கினார், சட்டம் இறங்கியது, இந்த அம்மா இறங்கமாட்டேன் என்கிறார்! சண்டைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் ரஹ்மத் முந்திக்கொண்டாள்.

"மாமி, நான் பாக்கல. கண்ண மூடிக்கிடுதேன். மேடம் வாசிக்கட்டும். காதுக்கு ஒன்னும் ஆகாதுல்லா?"

மாமி யோசித்தார். காதில் பஞ்சு வைத்துத் துணி கட்டியிருந்தாள் அவள். காற்றுப் போனால்தான் கெடுதல், பேச்சுப் போனால் பரவாயில்லை என்று தீர்ப்பாயிற்று.

இப்படித்தான் நான் ஓர் ஆய்வேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை வாசித்தேன். அத்தனை வருஷம் புத்தகங்களைத் தேடி வாங்கினேன், கட்டினேன், அனுப்பினேன். எதையும் ஒரு பக்கம்கூட வாசித்ததில்லை. இப்போது காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலப் பஸ் வரை இங்கிலீஷ். நான் வாசிக்க வாசிக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கேட்பாள். அவள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தி, அவள் சொல்வதைத் தமிழில் ஒரு தாளில் எழுதுவேன். குழந்தை அழுதால் இடைவேளை. மாமி பூண்டுக்குழம்பும் கருவாட்டுச் சோறும் எனக்கும் சேர்த்து வைத்தார். பிள்ளை பெறாமலே பத்தியச் சோறு தின்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாப்பிட்டுவிட்டு நான் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பார்த்து, "என்னது, குர்ஆன் ஓதப் போற மாதிரி கழுவுதிய" என்று கேலி செய்தார்.

சிரிப்பெல்லாம் முதல் நாளோடு சரி. அடுத்தடுத்த நாள்களில் ரஹ்மத் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மாணிக்கம் அவ்வளவு அருமையாக எழுதியிருந்தார். தறி ஏன் நின்றது, முதல் கப்பலில் யார் போனார்கள், அங்கே எந்தத் தெருவில் தங்கினார்கள், யார் யாரை அழைத்துக்கொண்டார்கள் என்று ஒன்று விடவில்லை. அவள் மூன்று வருஷம் கேட்டு எழுதியதெல்லாம் அதில் இருந்தது, சில இடத்தில் அவளுக்குச் சொன்ன அதே குடும்பத்துப் பெரியவர்களே அவருக்கும் சொல்லியிருந்தார்கள். ஒவ்வோர் அத்தியாயம் முடியும்போதும், "இதுவும் போச்சு" என்பாள். கடைசி அத்தியாயம் முடிந்தபோது மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுத் துணிக்குள் போனது. மாமி ஓடி வந்து, "அழக் கூடாது புள்ள, கண்ணுக்கு ஆகாது" என்று முந்தானையால் துடைத்தார். எனக்கு அந்த மாணிக்கத்தின் மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அவர் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா?

மறுநாள் ஆய்வேடு திரும்பிப் போக வேண்டும். மூடி வைக்கப் போனேன்.

"இன்னும் பக்கம் இருக்கா மேடம்?"

"பின்னிணைப்புதான். யார் யாரைப் பாத்தாரு, எப்படிக் கேட்டாருன்னு இருக்கு."

"அதையும் வாசிச்சிருங்க. ஆகுறது ஆகட்டும்."

தொண்டை கட்டிப்போயிருந்தது. சுரத்தில்லாமல் வாசித்தேன். பள்ளிவாசல் தெருவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் பெரும்பாலானவர்களைப் பார்த்தாராம். சிலர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பேசினார்களாம். அடுத்த வரி, நான் வெளியூர் ஆண் என்பதால் எந்த வீட்டுக்குள்ளும் போக முடியவில்லை, பெண்கள் ஒருவரோடும் பேசவில்லை, ஆகவே ஆண்கள் போன பிறகு ஊரில் இருந்தவர்களைப் பற்றி இந்த ஆய்வில் எதுவும் இல்லை. வாசித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

"மேடம்! நில்லுங்க! திரும்ப வாசிங்க!"

திரும்ப வாசித்தேன். மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். அதற்குள் எனக்கும் உறைத்துவிட்டது. ரஹ்மத் கண்ணைத் திறந்து, போர்வையைத் தள்ளி, எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"பாதி ஊரு இருக்கு மேடம்! பாதி ஊர அவரு பாக்கவே இல்ல! கப்பல்ல போனவங்களத்தான் எழுதியிருக்காரு. போகாதவங்க? இந்த ஊர யாரு வச்சுக் காப்பாத்துனா? நானும் அதக் கேக்காமத்தான மூணு வருசம் ஆம்பளைய பின்னாலயே அலைஞ்சேன்!"

குழந்தை விழித்து வீறிட்டது. நானும் என் பங்குக்குக் கத்தினேன். கமிட்டி பின்னால் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டது, தலைப்பில் 'பெண்கள்' என்ற சொல் சேர்ந்தது, அவள் முனைவரும் ஆனாள். இருந்தாலும் அந்தப் பகலில் அந்த அறையில் நாங்கள் போட்ட கூச்சல்தான் எனக்குப் பட்டமளிப்பு விழா.

மாமி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். "என்ன? புள்ளைக்கு என்ன?"

"புள்ளைக்கு ஒன்னுமில்ல மாமி. இத எழுதுனவரு, இந்த ஊருப் பொம்பளைய ஒருத்தர் கூடயும் பேசலன்னு எழுதியிருக்காரு."

மாமி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றார்.

"கையில குடையும் நோட்டுமா ஒருத்தர் வந்தாரே, அவரா? செவத்த ஆளு?"

"அவர நீங்க பாத்திருக்கியளா மாமி?" என்றாள் ரஹ்மத்.

"நம்ம வீட்டு வாசல்லதான் உக்காந்திருந்தாரு. எம் மாமனார் பதில் சொன்னாரு. எம் மாப்பிள்ள, அதான் எம் வீட்டுக்காரரு, எப்பப் போனாரு, எந்த ஊர்ல இருக்காரு, எத்தன பேரக் கூட்டிட்டுப் போனாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். மாமனார் பாதிய மாத்திச் சொன்னாரு. டீ போட்டு நாந்தான் குடுத்துவிட்டேன். குடிச்சுட்டுப் போயிட்டாரு."

"நீங்க ஒன்னும் சொல்லலியா மாமி?"

"எங்கிட்ட யாரு கேட்டா?"

ரஹ்மத் தாளுக்குக் கையை நீட்டினாள். மாமி ஒரு அதட்டுப் போட்டார். "ஏ புள்ள, படு. கண்ண மூடு." பிறகு குழந்தையோடு என் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"டீச்சரம்மா, பேனாவ எடுங்க. இந்தா, எழுதுங்க. எம் மாப்பிள்ள கப்பலேறப் போன அன்னைக்குத் தறியில பாதிச் சேலை நின்னுச்சு. பொம்பள தறிக்குழியில எறங்கக் கூடாதும்பாவ. மிச்சத்த நெய்ஞ்சது நான். எழுதியாச்சா?"